மிதிவண்டியில் ஒரு பியானோ, தேவாஸில் ஒரு தம்புரா

பிரெஞ்சு பியானோ கலைஞர் ஃபிரான்சுவா-ரெனே துஷாபிளைப் பற்றி நண்பர் ஒருவர் அனுப்பிய பழைய செய்தி ஒன்று சில மாதங்களாக என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. 2003இல் வெளிவந்த செய்தி அது. புகழின் உச்சியில் இருந்த ஐம்பத்தொரு வயதுக் கலைஞர், இனிப் பெரிய அரங்குகளில் வாசிப்பதில்லை என்றும், விடைபெறும் சடங்காகப் பியானோ ஒன்றை மெர்கான்தூர் மலைப்பகுதியின் ஏரியில் தள்ளிவிடப் போவதாகவும், கச்சேரி உடையைத் தீயிலிடப் போவதாகவும் அறிவித்தார். அதன் பிறகு ஒரு மின்னணு விசைப்பலகையை எடுத்துக்கொண்டு மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறைவாசிகளுக்கும் வாசிப்பதே தன் எண்ணம் என்றார். மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்காகத் தன் வாழ்நாளைப் பலி கொடுத்தது போதும் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். செய்தியின் கீழே நண்பர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "கலைஞன் என்றால் இப்படி இருக்க வேண்டும்."

எனக்கும் அப்படியே சொல்லிவிட ஆசைதான். பணிக்காலத்தின் பெரும்பகுதியை மத்திய இந்தியாவின் சிறுநகரங்களில் கழித்தவன் என்ற முறையில், ஒரு பெருங்கலைஞன் தலைநகரத்தைத் துறந்து சிற்றூருக்கு வருகிறான் என்ற செய்தி என்னைக் குளிர்விக்க வேண்டும். ஆனால் படித்த அன்று முதல் மனத்துக்குள் ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கிறது. துஷாபிளின் நேர்மையில் எனக்கு ஐயம் இல்லை. பாரிஸில் பிறந்து, சிறு வயதிலேயே அங்குள்ள இசைக் கல்லூரியில் பயின்று, 1968இல் பதினாறு வயதில் பிரசெல்ஸின் ராணி எலிசபெத் இசைப் போட்டியில் இறுதிச் சுற்று வரை சென்று, பியானோ மேதையான முதிய ரூபின்ஸ்டைனின் ஆதரவைப் பெற்று, ஷோப்பினின் எத்யூதுகள் என்னும் பயிற்சி உருப்படிகளையும் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் படைப்புகளையும் பதிவுகளாகத் தந்த ஒருவர், இத்தனையையும் விளையாட்டுக்காகத் தூக்கி எறியமாட்டார். என் உறுத்தல் வேறொரு இடத்தில் இருந்தது. சிற்றூருக்கும் சங்கீதத்துக்கும் நடுவே நிற்கும் சுவர் எது என்று அவர் கருதினார் என்பதில்தான் அது தொடங்கியது.

ஐந்நூறு கிலோ

பியானோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர் துஷாபிளே. அதை அவர் ஆதிக்கக் குணமுள்ள, தொழிற்சாலை யுகத்தின் மேட்டுக்குடி அடையாளமாகக் கண்டார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கச்சேரிக்குரிய பெரிய பியானோ ஒன்று கிட்டத்தட்ட 500 கிலோ எடையும் 9 அடி நீளமும் கொண்டது. 88 விசைகளுக்குப் பின்னால் சுமார் 230 கம்பிகள் ஏறக்குறைய 20 டன் இழுவிசையில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டத்தில் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தச் சட்டம் ஆலைகள் இல்லாத காலத்தில் உருவாகியிருக்க முடியாது. அப்படிப்பட்ட ஒன்றைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊர்வலம் போக முடியாது. அது இருக்கும் இடத்துக்குக் கலைஞனும் இரசிகனும் போக வேண்டும். காற்றின் ஈரம் கூடினால் அதன் ஒலிப்பலகை உப்பும், குறைந்தால் சுருங்கும், இரண்டிலும் சுருதி கலையும். எனவே அதற்குச் சுருதி கூட்டத் தெரிந்த ஆள் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மத்திய இந்தியாவின் மால்வா மேட்டுநிலத்தில் மே மாத வறட்சியையும் ஆகஸ்ட் மாத மழையையும் அடுத்தடுத்துப் பார்த்தவனுக்கு, அங்கே ஒரு நல்ல பியானோவைக் காப்பாற்றுவது எப்படிப்பட்ட வேலையாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த எடைப் பிரச்சினையை நம் சிறுநகரங்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவழியாகத் தீர்த்துவிட்டன என்பதுதான் வேடிக்கை. ஆர்மோனியத்தைப் பாரிஸில் அலெக்சாந்தர் தெபைன் 1840களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்று வெளியிட்டபோது, அது நாற்காலியில் அமர்ந்து காலால் துருத்தியை மிதித்து வாசிக்கும் மரப்பெட்டி. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதன் கால்களை எடுத்துவிட்டு, துருத்தியைப் பின்புறத்துக்குக் கொண்டுவந்து, ஒரு கை காற்றடிக்க மறு கை வாசிக்கும்படி செய்தார். தரையில் வைக்கலாம், தோளில் மாட்டலாம், மாட்டுவண்டியில் போடலாம். குஜராத்தின் பாலிதானா என்ற சிறிய யாத்திரை ஊர் அதன் ஒலி எழுப்பும் உலோக நாக்குகளைச் செய்வதற்கே பெயர் பெற்றது. கீர்த்தனை மடம், நாடகக் கொட்டகை, கவ்வாலி நடக்கும் தர்கா, குருத்வாரா என்று அது நுழையாத இடமில்லை. மிதிவண்டியில் ஏற்றக்கூடிய பிரெஞ்சு விசைப்பலகை என்பது துஷாபிளுக்கு 2003இல் தோன்றிய எண்ணம். நமக்கு அது பாட்டன் காலத்துச் சாமான். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதைத் தன் நிலையங்களுக்குள் விடாமல் வைத்திருந்தது. கமகத்துக்கும், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் 'மீண்ட்' என்ற இழைவுக்கும் வளையாத கட்டைச் சுரங்கள் என்பது குற்றச்சாட்டு. வானொலி தள்ளி வைத்த அந்த முப்பது ஆண்டுகளிலும் சிறுநகரங்கள் அதைத் தள்ளி வைக்கவில்லை.

எனவே எடை குறைந்தால் இசை ஊருக்குள் நுழைந்துவிடும் என்பது பாதி உண்மை. கருவி நுழைந்தது. ஆனால் கூடவே மோசார்ட்டும் ஷோப்பினும் நுழையவில்லை. ஊர் அந்தப் பெட்டியைத் தன் பாட்டுக்குத் துணையாக்கிக்கொண்டது, அவ்வளவுதான். துஷாபிளின் மிதிவண்டியில் இருந்ததோ விசைப்பலகை மட்டுமல்ல, பீத்தோவனும்கூட. இங்கேதான் எனக்குத் தேவாஸ் நினைவுக்கு வந்தது.

தேவாஸ்

இந்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், பழைய ஆக்ரா–பம்பாய் சாலையில் இருக்கும் ஊர் தேவாஸ். நடுவில் ஒரு குன்று, குன்றின் மேல் சாமுண்டா கோயில், சுற்றிலும் ஆலைகள், ரூபாய் நோட்டு அச்சிடும் அச்சகம். நான் அங்கே பணியில் இருந்தபோது, ஊரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் கோயிலையும் அச்சகத்தையும் சொன்ன பிறகுதான் மூன்றாவதாகக் குமார் கந்தர்வாவின் பெயரைச் சொன்னார்கள். பெல்காம் பக்கத்துச் சூலேபாவியில் 1924இல் பிறந்து, பம்பாயில் பி. ஆர். தேவ்தரிடம் பயின்று, பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மேடைகளை அதிர வைத்த அந்த இந்துஸ்தானிப் பாடகர், 1948இன் தொடக்கத்தில் காசநோயோடு தேவாஸுக்கு வந்து சேர்ந்தார். மால்வாவின் உலர்ந்த காற்று நுரையீரலுக்கு நல்லது என்பதற்காக வந்தவர். பாடக்கூடாது என்பது மருத்துவர்களின் கட்டளை. ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்து அவர் மறுபடி பாட எழுவதற்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆயின. நோய் தீர்ந்த பிறகும் அவர் பம்பாய்க்குத் திரும்பவில்லை. 1992 ஜனவரியில் இறக்கும் வரை தேவாஸே அவருடைய முகவரி.

முதலில் என் வாதத்துக்கு இது மிகவும் வசதியாகப்பட்டது. பாருங்கள், துஷாபிள் இவ்வளவு ஆரவாரத்தோடு அறிவித்ததைக் குமார் கந்தர்வா அறிவிப்பே இல்லாமல் செய்திருக்கிறார் என்று நண்பருக்கு எழுதத் தொடங்கினேன். தாளில் தார்வாட்டையும் சேர்த்துக்கொண்டேன்: இந்துஸ்தானிப் பாடகர்களில் மல்லிகார்ஜுன் மன்சூர் தார்வாட்டிலேயே வாழ்ந்தார், கங்குபாய் ஹங்கல் ஹூப்ளியில். மைஹரையும் சேர்த்தேன்: சரோத் மேதை அலாவுதீன் கான் 1918 வாக்கில் அந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்துக்கு வந்து, கொள்ளைநோயில் அனாதைகளான பிள்ளைகளைக் கூட்டி ஓர் இசைக்குழுவையே உருவாக்கி, துப்பாக்கிக் குழல்களை அறுத்து நல்தரங் என்ற கருவியைச் செய்து கொடுத்த ஊர் அது. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அன்னபூர்ணா தேவியும் நிகில் பானர்ஜியும் அங்கே கற்றவர்கள். நம் பக்கத்தில் செம்மங்குடி, அரியக்குடி, மகாராஜபுரம் என்று கிராமங்களே வித்வான்களின் முன்னெழுத்தாக நிற்கின்றனவே என்றும் எழுதினேன். எழுதிக்கொண்டு போகும்போதே, தேவாஸில் என்னோடு வேலை செய்த ஒரு மூத்தவர் சொன்னது நினைவுக்கு வந்து கை நின்றது.

அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். குமார் கந்தர்வாவின் வீட்டைக் கடந்துதான் பள்ளிக்குப் போயிருக்கிறார். "குமார்ஜியா? அருமையான மனிதர். எங்கெங்கிருந்தோ பெரிய பெரிய ஆட்கள் கார்களில் வருவார்கள். ஆனால் பாயி சாஹப், அந்தப் பாட்டு நமக்கு எங்கே புரியப்போகிறது!" என்றார். வருத்தமோ வெட்கமோ இல்லாமல், வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். ஐந்நூறு கிலோ எடை இல்லாத சங்கீதம். நான்கு தந்திகள் கொண்ட ஒரு சுரைக்குடுக்கையும் ஒரு தொண்டையும் போதும். அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஊரில் இருந்திருக்கிறது. இருந்தும் பக்கத்துத் தெருக்காரருக்கு அது எட்டவில்லை. செம்மங்குடியும் அரியக்குடியும்கூட நான் எழுதியபடி இல்லை. பெயரில் ஊரை வைத்துக்கொண்டே வித்வான்கள் சென்னைக்கு இரயிலேறி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவர்களுடைய ஊர்களில் இன்று கேட்பவை கோயில் ஒலிபெருக்கியும் கல்யாண மண்டபத்து மெல்லிசையும்தான். கலைஞன் சிறுநகரத்தில் இருப்பதாலேயே கலை அங்கே இருந்துவிடுவதில்லை என்று, நான் எழுதிய கடிதமே எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அதை அனுப்பவில்லை.

படுக்கையில் இருந்தவர் கேட்டது

சில வாரங்கள் கழித்துத்தான் இன்னொரு பக்கம் புலப்பட்டது. குமார் கந்தர்வா தேவாஸுக்கு என்ன கொடுத்தார் என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவாஸ் அவருக்கு என்ன கொடுத்தது என்று பார்க்கவே இல்லை. பாடக்கூடாது என்று கட்டளையிடப்பட்ட ஒரு பாடகனுக்கு, படுத்த படுக்கையில் மிஞ்சியது காது ஒன்றுதான். சன்னலுக்கு வெளியே மால்வாவின் பெண்கள் கல்யாணத்துக்கும் விதைப்புக்கும் பாடிய பாட்டுகள் கேட்டன. கபீரின் பதங்களைப் பாடிப் பிச்சை கேட்டு வந்த நாதயோகிகளின் குரல் கேட்டது. தேவாஸில் சீல்நாத் மகராஜின் துனி என்று ஒரு நாதயோகி மடம் உண்டு; அந்த மரபின் பாட்டோடும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. நாலைந்து சுரங்களுக்குள் சுற்றிவரும் அந்த நாட்டுப்பாட்டுகளைக் கேட்கக் கேட்க, இராகங்கள் பிறந்த கிணறே இதுதான் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது. எழுந்து உட்கார்ந்த பிறகு அந்தப் பாட்டுகளைச் சேகரித்தார். அவற்றிலிருந்து புதிய இராகங்களை வடித்தார். மால்வாவின் நாட்டுப்பாட்டுகளையே ஒரு முழுக் கச்சேரியாக்கினார். பருவங்களைப் பாடும் கீத் வர்ஷா போன்ற நிகழ்ச்சிகளை அமைத்தார். 1965இல் தன் இராகங்களையும், பந்திஷ் எனப்படும் சிறு பாடல்களையும் 'அனூப்ராக்விலாஸ்' என்ற நூலாக்கினார். உருவமற்ற கடவுளைப் போற்றி அவர் பாடிய நிர்குண பஜன்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: ஒரு சொல்லை வீசிவிட்டு நிறுத்தி, அடுத்த சொல்லுக்கு முன் விடும் அந்த இடைவெளி எந்த அரண்மனை சபையிலிருந்தும் வந்ததல்ல. பழுதுபட்ட நுரையீரல் நீண்ட மூச்சைத் தராததால் வந்த பாணி அது என்பார்கள். யோகிகளின் பாட்டும் அதில் பாதி என்பது என் கணிப்பு.

பள்ளிக்குப் போகும் வழியில் அந்த வீட்டைக் கடந்த என் மூத்தவருக்குக் கயால் என்ற இந்துஸ்தானிப் பாட்டுமுறை புரியாமல் போயிருக்கலாம். ஆனால் அவருடைய பாட்டியோ அத்தையோ முணுமுணுத்த மெட்டு ஒன்று, அவர்களுக்குத் தெரியாமலே, இந்துஸ்தானி இசையின் போக்கை மாற்றிய ஒருவரின் குரலுக்குள் போய் உட்கார்ந்திருக்கக் கூடும். சிறுநகரம் வெறும் கேட்கும் செவி மட்டும் அல்ல, அதற்கென ஒரு வாயும் உண்டு என்பதைக் குமார் கந்தர்வா கண்டுகொண்டார். நோய் அவரை அங்கே கிடத்தியிராவிட்டால் கண்டிருப்பாரா என்பது வேறு கேள்வி. கண்டிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

துஷாபிளிடம் எனக்கு உறுத்தியது இதுதான் என்று அப்போது தெளிந்தது. மேட்டுக்குடிக்கு வாசித்ததைச் சிறைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோக அவர் விரும்பினார். அது பெரிய மனம். ஆனால் போக்கு ஒருவழிப் போக்கு. அவர் கொண்டுவருவார், ஊர் வாங்கிக்கொள்ளும். ஊர் ஏதாவது திருப்பிக் கொடுத்தால் அதை வைத்துக்கொள்ள அவருடைய கலையில் இடம் எங்கே? ஷோப்பினின் எத்யூதில் ஒரு சுரத்தையும் அந்த ஊருக்காக மாற்ற முடியாது. இதற்காக அவரைக் குறை சொல்வது அநியாயம். அது அவருடைய மரபின் அறம், அந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் அதன் மகத்துவமும் வருகிறது. இந்துஸ்தானிப் பாடகனுக்குக் கையில் இருப்பது இரண்டு வரிப் பந்திஷும் ஓர் இராகத்தின் இலக்கணமும் மட்டுமே. மீதியை நிரப்பிக்கொள்ள அவனுக்கு உரிமை உண்டு. அந்தக் காலி இடத்துக்குள்தான் மால்வா நுழைந்தது. பியானோ கலைஞனுக்கு அந்தக் காலி இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டே அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஏரியில் தள்ள வேண்டியிருந்தது பியானோவை அல்ல என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அடுத்த நாள் அது சற்று அதிகப்படியான பேச்சாகவும் பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துஷாபிள் வெறுத்த அந்த அமைப்பு, பிரான்சின் சிற்றூர்களை முற்றிலும் கைவிட்ட அமைப்பு அல்ல. 1969இல் பண்பாட்டு அமைச்சகத்தில் இசைக்குப் பொறுப்பாக இருந்த மார்செல் லாந்தோவ்ஸ்கி வகுத்த பத்தாண்டுத் திட்டத்துக்குப் பிறகு இசைப்பள்ளிகளும் இசைக்குழுக்களும் பாரிஸுக்கு வெளியே பரவின. தூர் நகருக்கு அருகே மெஸ்லே என்ற இடத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தானியக் கொட்டகை ஒன்றைப் பார்த்து மயங்கி, 1964இல் சோவியத் பியானோ மேதை ரிக்டர் அங்கே ஒரு விழாவைத் தொடங்கினார். சில ஆயிரம் பேர் வாழும் லா ரோக் தாந்தெரோன் என்ற புரோவான்ஸ் ஊரில் 1981 முதல் கோடைதோறும் உலகின் பெரிய பியானோ கலைஞர்கள் மரங்களுக்கு அடியில் வாசிக்கிறார்கள். துஷாபிளும் 2003க்குப் பிறகு வாசிப்பதை நிறுத்திவிடவில்லை. நடிகர் அலென் கார்ரேயோடு சேர்ந்து கவிதையும் பியானோவுமாகச் சிறிய இடங்களில் நிகழ்ச்சிகள் நடத்தினார். மிதிவண்டியில் போகிறவனுக்கு வழியில் ஒரு சாலை வேண்டும் அல்லவா? அந்தச் சாலையை அரசும் மேயர்களும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போட்டு வைத்திருந்தார்கள். நம் சிறுநகரத்தில் ஒரு பையனுக்குச் சங்கீதத்தில் நாட்டம் என்றால், அவன் ஊரை விட்டுப் போவதுதான் இன்றும் முதல் பாடம்.

இதற்கு விலக்காக எனக்குத் தெரிந்த ஊர் கதக். வடகர்நாடகத்தில், பீம்சேன் ஜோஷி சிறுவயதைக் கழித்த ஊர். அங்குள்ள வீரேசுவர புண்யாசிரமத்தில், கண் பார்வையற்ற பஞ்சாட்சரி கவாயியும் அவருக்குப் பின் பார்வையற்ற புட்டராஜ கவாயியும், பார்வை இல்லாத பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் சோறு போட்டு, காசு வாங்காமல் இசை கற்பித்து, பலரைப் பாடகர்களாகவும் ஆசிரியர்களாகவும் அனுப்பியிருக்கிறார்கள். பசவராஜ ராஜகுரு பஞ்சாட்சரி கவாயியிடம் கற்றவர்தான். அந்த வளாகத்தில் ஆர்மோனியமும் தபலாவும் ஓயாமல் ஒலிக்கும். ஒரு பையன் தப்பாகப் பிடித்த சுரத்தை, எதிர்த்திண்ணையில் வேறு வேலையாக இருக்கும் இன்னொருவன் திருத்துவான். அங்கே இசை வெளியிலிருந்து வந்து போகும் விருந்தாளி அல்ல.

இதையெல்லாம் ஒருவழியாக நண்பருக்கு எழுதி அனுப்பினேன். "அப்படியென்றால் அந்த மனிதர் பாரிஸிலேயே கோட்டு போட்டுக்கொண்டு வாசித்திருக்க வேண்டும் என்கிறீர்களா? சிறையில் இருப்பவனுக்கு ஒரு மணி நேரம் பீத்தோவன் கிடைத்ததில் உங்களுக்கு என்ன நட்டம்?" என்று பதில் வந்தது. நியாயமான கேள்வி. நட்டம் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை. ஒரே ஒரு விருப்பம் மட்டும் சொன்னேன். அப்படி ஒருவர் மிதிவண்டியோடு கதக்குக்கு வந்தால், ஒரு மாலை வாசித்துவிட்டு மறுநாள் காலை கிளம்பிவிடக் கூடாது, ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் கைதட்டி அனுப்பி வைக்கிறவர்கள் அல்ல. இது எந்த இராகம், இடது கை ஏன் வேறு பாட்டு பாடுகிறது, ஆதார சுருதியை நடுவில் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். கேட்டதை அன்றிரவே ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்து, தங்களுக்குத் தோன்றிய மாதிரி மாற்றி, மறுநாள் காலையில் அவருக்கே வாசித்துக் காட்டுவார்கள். அதைக் கேட்டு அவர் என்ன செய்வார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். நண்பருக்கு அதில் ஆர்வமில்லை. அவர் இன்னும் அந்த முதல் வரியிலேயே நிற்கிறார்.